பேறுகால இனிப்புநீரும் குடல்வாழ் நுண்ணுயிர்களும்

(சங்கத்தின் பொன்விழாவையொட்டிப் பாசிர் கூடாங்கில் நடைபெற்ற குடும்ப தினத்தில், மகளிர் பிரிவின் உடல்நலக் குழு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

  

1977இல் இங்கே துறைமுகம் இயங்கத் தொடங்கிய காலத்தையொட்டி, வேலை தேடியும் தொழில் தேடியும் வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் இன்று இந்த மண்டபத்தில் நிறைந்திருக்கிறோம். ஐம்பது ஆண்டுகளைத் திரும்பிப் பார்க்கும் இந்த நாளில், அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்கு உரியவர்களைப் பற்றிப் பேச விரும்புகிறோம். அவர்களில் சிலர் இப்போது தாயின் கருவறையில் இருக்கிறார்கள்.

எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற தாதியர் இருவரும், மருந்தகத்தில் பணியாற்றிய ஒருவரும், இல்லத்தரசிகள் மூவரும் இருக்கிறோம். நாங்கள் மருத்துவர்கள் அல்லர். மருத்துவர்கள் சொல்வதை நம் வீட்டுப் பேச்சில் எடுத்துச் சொல்வதே எங்கள் வேலை.

கர்ப்பிணிகள் இருக்கும் வீடுகளுக்கு நலம் விசாரிக்கப் போகும்போது மூன்று காட்சிகளை அடிக்கடி பார்க்கிறோம். கிளினிக்கில் சீனித் தண்ணீர் குடிக்கச் சொன்ன தேதியன்று, "குமட்டுகிறது, இன்னொரு நாள் போகலாம்" என்று வீட்டிலேயே இருந்துவிடும் மகள் ஒருத்தி. "இரண்டு உயிருக்குச் சாப்பிட வேண்டும்" என்று தட்டில் மீண்டும் சோற்றைக் குவிக்கும் மாமியார் ஒருவர். மூன்றாவது காட்சிதான் எங்களைப் பேச வைத்தது. குளிர்ப்பெட்டியில் பிரிக்கப்படாத இன்சுலின் பேனா; அதன் பக்கத்தில் பாதி காலியான ஒரு மாவுப் பெட்டி. "இதில் நல்ல பாக்டீரியா இருக்கிறதாம் ராத்தா. குடல் சுத்தமானால் சீனி தானாக இறங்கிவிடுமாம். ஊசியே வேண்டாம் என்று விற்றவர் சொன்னார்" என்றாள் அந்தப் பெண்.

விற்றவர் சொன்னதில் ஒரு துளி உண்மையும் இருக்கிறது, அதைவிடப் பெரிய ஆபத்தும் இருக்கிறது. இரண்டையும் பிரித்துக் காட்டுவதே இந்த உரையின் நோக்கம்.

கர்ப்பத்தில் சீனி ஏன் ஏறுகிறது?

கர்ப்பம் தரித்ததும் கருவறையில் நச்சுக்கொடி வளர்கிறது. குழந்தைக்கு உணவு அனுப்பும் வழி அதுதான். அது சுரக்கும் சில ஹார்மோன்கள், தாயின் உடலில் இன்சுலினின் வேகத்தைக் குறைக்கின்றன. தாயின் இரத்தத்தில் குளுக்கோஸ் சற்று நேரம் கூடுதலாகத் தங்கினால்தான் குழந்தைக்குப் போதிய பங்கு போகும். இது நோயல்ல, இறைவன் அமைத்த ஏற்பாடு. பெரும்பாலான பெண்களுக்குக் கணையம் இன்சுலினை இரண்டு மூன்று மடங்கு அதிகமாகச் சுரந்து ஈடுகட்டிவிடும். அப்படி ஈடுகட்ட முடியாமல் போகும்போது வருவதுதான் பேறுகால இனிப்புநீர்.

நச்சுக்கொடி வழியாகக் குளுக்கோஸ் கடந்து போகும்; தாயின் இன்சுலின் கடந்து போகாது. ஆகவே தாயின் இரத்தத்தில் சீனி மிகுந்தால், அதைச் சமாளிக்கக் குழந்தையின் சின்னஞ்சிறு கணையமே அதிக இன்சுலினைச் சுரக்க வேண்டியிருக்கிறது. அந்த இன்சுலின் குழந்தையின் உடலில் கொழுப்பைச் சேர்க்கிறது. "மாஷா அல்லாஹ், நாலரை கிலோ" என்று நாம் மகிழும் பிள்ளை, பிரசவத்தில் தோள் சிக்கித் துன்பப்படலாம். பிறந்ததும் தாயிடமிருந்து வந்த சீனி நின்றுவிட, உள்ளே இன்சுலின் மட்டும் மிஞ்சி, குழந்தையின் இரத்தச் சீனி திடீரென்று இறங்கலாம். தாய்க்கு இரத்தக் கொதிப்பும் அறுவைப் பிரசவமும் கூடுகின்றன. தாய்க்கு எந்த வலியும் இருக்காது என்பதுதான் இதில் மோசமானது. சோதித்தால்தான் தெரியும்.

நமக்கு ஏன் இந்தக் கவலை?

மலேசிய சுகாதார அமைச்சின் 2019ஆம் ஆண்டுத் தேசிய நலக் கணக்கெடுப்பில், பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்திய வம்சாவளியினரிடையே அது 31 விழுக்காட்டைத் தாண்டியது. நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூரில் 2009இல் தொடங்கிய 'கஸ்டோ' ஆய்வில், சீன, மலாய், இந்தியத் தாய்மார் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கர்ப்பத்திலிருந்தே பின்தொடர்ந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குப் பேறுகால இனிப்புநீர் இருந்தது.

நம் பாட்டன்மார் வந்த தமிழ்நாட்டிலும் நிலை இதுதான். சென்னையின் டாக்டர் வி. சேஷையாவும் அவர் குழுவினரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், நகரத்தில் 17.8 விழுக்காடு, சிறுநகரங்களில் 13.8 விழுக்காடு, கிராமங்களில் 9.9 விழுக்காடு கர்ப்பிணிகளுக்கு இது இருந்தது. வயலில் வேலை செய்யும் பெண்களிலும் பத்தில் ஒருவர்!

அந்த மருத்துவர் செய்த இன்னொரு காரியத்தைச் சொல்லியாக வேண்டும். வெறும் வயிற்றோடு வா என்றால் தொலைவிலிருந்து பேருந்து ஏறி வரும் கர்ப்பிணி வரமாட்டாள். ஒரு முறை திருப்பி அனுப்பினால் மறுபடியும் வரமாட்டாள். ஆகவே, சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும், வந்த அன்றே 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை இரத்தம் எடுக்கும் முறையை அவர் வலியுறுத்தினார். 2007இல் தமிழ்நாடு அரசு எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தச் சோதனையைக் கட்டாயமாக்கியது. அவருடைய பிறந்த நாளான மார்ச் 10ஐ இந்தியாவில் பேறுகால இனிப்புநீர் விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள்.

ஊரிலிருந்து உறவினர் தொலைபேசியில் "140 தாண்டக் கூடாது" என்பார்கள். இங்கே மிஸ்ஸி "7.8" என்பார். இரண்டும் ஒன்றுதான், அளவைதான் வேறு. மலேசியாவில் வெறும் வயிற்றில் ஒரு முறையும், 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறையும் இரத்தம் எடுக்கிறார்கள். முதலாவது 5.1 அல்லது அதற்கு மேல், அல்லது இரண்டாவது 7.8 அல்லது அதற்கு மேல் என்றால் பேறுகால இனிப்புநீர். பெற்றோர் அல்லது உடன்பிறந்தோருக்கு இனிப்புநீர், உடல் பருமன், முன்பு 4 கிலோவுக்கு மேல் எடையுள்ள பிள்ளை, முந்திய கர்ப்பத்தில் இதே தொல்லை ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் பதிவு செய்யும்போதே சோதிப்பார்கள். அப்போது சரியாக இருந்தாலும் 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடியும் சோதிப்பார்கள். இந்த மண்டபத்தில் அத்தாவுக்கோ உம்மாவுக்கோ இனிப்புநீர் இல்லாத பெண்கள் எத்தனை பேர் இருப்பீர்கள் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

குடலில் குடியிருப்போர்

இனி அந்த மாவுப் பெட்டிக்கு வருவோம். நம் உடலில் ஏறத்தாழ 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருப்பதாக 2016இல் வெளியான கணக்கு ஒன்று சொல்கிறது. நம்முடைய சொந்த உயிரணுக்களின் எண்ணிக்கைக்கு ஏறத்தாழ ஈடு. பெரும்பாலானவை பெருங்குடலில் இருக்கின்றன. எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்தால் கால் கிலோகூட வராது.

நாம் உண்ணும் கீரை, பருப்பு, காய், தவிடு நீக்காத தானியம் ஆகியவற்றின் நார்ச்சத்தை நம் குடலால் செரிக்க முடியாது. அது அப்படியே பெருங்குடலுக்குப் போய் இந்த நுண்ணுயிர்களுக்கு உணவாகிறது. அவை அதைப் புளிக்கவைத்துச் சில கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. அவற்றுள் பியூட்டிரேட் என்பது குடல் சுவரின் உயிரணுக்களுக்கே உணவு. குடல் சுவர் உறுதியாக இருந்தால், உள்ளே இருக்க வேண்டியவை இரத்தத்தில் கசியாது. கசிந்தால் உடலில் மெல்லிய அழற்சி ஏற்படும். அழற்சி இருக்கும் உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யாது. இதுதான் குடலுக்கும் சீனிக்கும் உள்ள தொடர்பு.

கர்ப்பத்தில் இந்தக் குடிமக்களும் மாறுகிறார்கள். பின்லாந்தில் 91 கர்ப்பிணிகளின் மலத்தை முதல் மூன்று மாதத்திலும் கடைசி மூன்று மாதத்திலும் எடுத்துச் சோதித்த ஆய்வு 2012இல் வெளியானது. கடைசி மாதங்களில் நுண்ணுயிர்களின் வகைகள் குறைந்து, சில இனங்கள் பெருகியிருந்தன. பிறகு ஆய்வாளர்கள் ஒன்று செய்தார்கள். குடலில் நுண்ணுயிரே இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளுக்கு இந்த இரண்டு காலத்து நுண்ணுயிர்களையும் தனித்தனியே செலுத்தினார்கள். கடைசி மாத நுண்ணுயிர்களைப் பெற்ற எலிகள் அதிகக் கொழுப்புச் சேர்த்தன. அவற்றுக்கு இன்சுலினும் சரியாக வேலை செய்யவில்லை. அந்த எலிகள் கர்ப்பமாக இல்லை என்பதை நினைவில் வையுங்கள். ஆக, குழந்தைக்காகச் சத்தைச் சேமிக்கும் வேலையில் நச்சுக்கொடியோடு குடல் நுண்ணுயிர்களும் கைகொடுக்கின்றன என்று தோன்றுகிறது. நல்ல உடல்நிலையில் இருந்த பெண்களிடமும் இந்த மாற்றம் தெரிந்தது.

அப்படியானால் சிலருக்கு மட்டும் ஏன் எல்லை மீறுகிறது? 2023இல் வெளியான ஆய்வொன்றில் 394 கர்ப்பிணிகளை முதல் மூன்று மாதத்திலிருந்தே கவனித்தார்கள். பின்னால் இனிப்புநீர் வந்தவர்களிடம், நோய் கண்டுபிடிக்கப்படுவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே குடல் நுண்ணுயிர்களில் வேறுபாடு இருந்தது. இரத்தத்தில் அழற்சியின் அறிகுறியும் கூடுதலாக இருந்தது. டென்மார்க்கில் செய்த ஆய்வொன்றிலோ, பிள்ளை பிறந்து எட்டு மாதம் கழித்தும் சில வேறுபாடுகள் நீடித்தன. விற்றவர் சொன்னதில் இருந்த அந்தத் துளி உண்மை இதுதான்.

மாவு ஏன் போதாது?

தொடர்பு இருக்கிறது என்பதால், நுண்ணுயிரை வாங்கிக் குடித்தால் நோய் தீர்ந்துவிடும் என்று ஆகிவிடாது. இதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

பின்லாந்தின் துர்க்கு நகரில் 256 பெண்களிடம் செய்த ஆய்வு 2010இல் வெளியானது. உணவு ஆலோசனையோடு நல்ல பாக்டீரியா மாத்திரையும் எடுத்தவர்களில் 13 விழுக்காட்டினருக்குத்தான் பேறுகால இனிப்புநீர் வந்தது. மற்றவர்களில் மூன்றில் ஒருவருக்கு வந்தது. எல்லோரும் மகிழ்ந்தார்கள். விளம்பரங்களும் வந்தன. ஆனால் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் உடல் எடை கூடிய 411 கர்ப்பிணிகளிடம் இதே வகை பாக்டீரியாக்களைக் கொடுத்துப் பார்த்து, 2019இல் முடிவை வெளியிட்டார்கள். மாத்திரை எடுத்தவர்களில் 18.4 விழுக்காட்டினருக்கும், வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 12.3 விழுக்காட்டினருக்கும் இனிப்புநீர் வந்தது. அந்த வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம் என்றாலும், தடுக்கவில்லை என்பது தெளிவு.

2021இல் 'காக்ரேன்' எனும் மருத்துவ ஆய்வு அமைப்பு, இத்தகைய 7 ஆய்வுகளையும் அவற்றிலிருந்த 1,647 பெண்களின் விவரங்களையும் ஒன்றுசேர்த்துப் பார்த்தது. பேறுகால இனிப்புநீரைத் தடுப்பதற்கு உறுதியான பயன் தெரியவில்லை. அதற்கு மாறாக, முன்சூல்வலிப்பு எனும் ஆபத்தான இரத்தக் கொதிப்பு, மாத்திரை எடுத்தவர்களிடம் கூடியிருந்தது. "தீங்கில்லாத பொருள்தானே, குடித்தால் என்ன?" என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில். கர்ப்பிணி எந்த மாவை வாங்கினாலும், டப்பாவைக் கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட்டுக் குடிக்கட்டும்.

இன்சுலின் ஊசியைப் பற்றிய அச்சத்துக்கும் ஒரு வார்த்தை. ஊசி போட ஆரம்பித்தால் வாழ்நாள் முழுதும் விட முடியாது என்ற பேச்சு நம்மிடையே இருக்கிறது. பேறுகால இனிப்புநீர் உள்ளவர்களில் பெரும்பாலோர்க்குப் பிரசவத்தோடு ஊசி நின்றுவிடுகிறது. குழந்தைக்கும் அந்த ஊசி மருந்து போய்ச் சேராது. குழந்தைக்குப் போய்ச் சேருவது, ஊசியைத் தவிர்ப்பதால் மிஞ்சும் சீனிதான்.

சமையலறையில் செய்யக்கூடியவை

மாவு போதாது. ஆனால் குடல் நுண்ணுயிர்களுக்கு உணவு போடுவது நம் கையில் இருக்கிறது. மேலே சொன்ன பிரிஸ்பேன் பெண்களிடமே இன்னொன்றும் தெரிந்தது. நார்ச்சத்தைக் குறைவாக உண்டவர்களிடம், இரத்தத்தில் இன்சுலின் மிகுவதோடு தொடர்புடைய கொலின்செல்லா என்ற பாக்டீரியா பெருகியிருந்தது. சத்துமாவுக்குச் செலவழிப்பதைச் சந்தையில் கீரைக்குச் செலவழியுங்கள் என்பது எங்கள் ஆலோசனை.

சுகாதார அமைச்சு சொல்லும் 'சுக்கு-சுக்கு-செப்பாரோ' தட்டு நமக்கு நன்றாகவே பொருந்தும். தட்டில் பாதி காய்கறியும் பழமும். கால் பங்கு மீன், கோழி, முட்டை, பருப்பு அல்லது தெம்பே. கால் பங்கு சோறு. நம் வீட்டுத் தட்டில் சோறு பாதிக்கு மேல் இருக்கிறது, காய் ஓரத்தில் ஊறுகாயைப் போல ஒட்டிக்கொண்டிருக்கிறது. முருங்கைக்கீரை, கங்கோங், வெண்டைக்காய், அவரை, கடலை, பாசிப்பயறு எதுவும் நமக்குப் புதிதல்ல. கூட்டையும் கீரையையும் முதலில் உண்டு, சோற்றைக் கடைசியில் உண்டால் சீனி மெதுவாக ஏறும். உண்டபின் கால் மணி நேரம் நடந்தால் இன்னும் நல்லது.

தயிரும் மோரும் உணவாக நல்லவையே; சீனி சேர்க்காமல் இருக்கட்டும். பழைய சோற்றுக்கு ஏதோ தனி மகிமை இருப்பதாகக் கைத்தொலைபேசியில் வரும் செய்திகளை நம்பிக் கிண்ணம் கிண்ணமாகக் குடிக்க வேண்டாம். பழைய சோறும் சோறுதான். பசியாறலுக்கு இரண்டு ரொட்டி சானாயும் ஒரு தே தாரிக்கும் என்றால், அன்றைய கணக்கு காலையிலேயே கெட்டுவிடும். கடையில் "குராங் மானிஸ்" என்று சொல்லப் பழகுங்கள். "கோசோங்" என்று சொன்னால் இன்னும் நல்லது. சிராப் பண்டுங், மைலோ, பழச்சாறு எல்லாம் சீனித் தண்ணீர்தான். ஆனால் பட்டினி கிடக்காதீர்கள். மூன்று பெரிய வேளைகளைச் சின்னச் சின்னதாக ஐந்தாறாகப் பிரித்து உண்ணுங்கள்.

தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கும் சகோதரிகளுக்கு இது கடினம் என்று தெரியும். கேண்டீனை நம்பாமல், கொண்டைக்கடலைச் சுண்டலும் அவித்த முட்டையும் டப்பாவில் எடுத்துப் போங்கள். உங்கள் வேலை நேரத்தை மிஸ்ஸியிடம் சொல்லிவிட்டால், எந்தெந்த நேரத்தில் சீனி பார்க்க வேண்டும் என்று அதற்கேற்ப எழுதித் தருவார்.

ரமலானில் பலர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. கர்ப்பிணிக்கு நோன்பில் மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. இன்சுலின் போடுபவர் நோன்பு வைத்தால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். திறந்ததும் பேரீச்சம்பழம், சர்பத், கஞ்சி, வடை என்று ஒரேயடியாக ஏறலாம். ரமலானுக்கு முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். விட்ட நோன்பை எப்படி நிறைவேற்றுவது என்பதை உஸ்தாதிடம் கேளுங்கள். வீட்டார் யாரும் அந்தப் பெண்ணைக் குறைத்துப் பேச வேண்டாம்.

பிள்ளை பிறந்த பிறகு

பிறந்த குழந்தையின் குதிகாலில் ஊசி குத்தி மருத்துவமனையில் சீனி பார்ப்பார்கள். பதறாதீர்கள். கூடிய விரைவில் சீம்பால் கொடுங்கள். தாய்ப்பாலில் குழந்தையால் செரிக்க முடியாத சில சர்க்கரைகள் இருக்கின்றன. அவை குழந்தையின் குடலில் குடியேறும் பிஃபிடோ பாக்டீரியாவுக்கு என்றே வைக்கப்பட்ட உணவு! பால் கொடுக்கும் தாய்க்கும் பின்னாளில் இனிப்புநீர் வரும் வாய்ப்புக் குறைகிறது. இரண்டு ஆண்டுகள் பாலூட்டுவதைத் திருக்குர்ஆன் குறிப்பிடுவதை நாம் அறிவோம்.

பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். பிறந்த பிள்ளையின் நாவில் தேன் தடவும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. ஒரு வயது நிறையும் வரை தேன் வேண்டவே வேண்டாம். தேனில் ஒருவகை பாக்டீரியாவின் வித்துகள் இருக்கக்கூடும். பெரியவர்களின் குடலில் ஏற்கெனவே குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அதை வளரவிடாது. பச்சிளங்குழந்தையின் குடலில் அந்தக் காவல் இன்னும் அமையவில்லை. வித்து முளைத்து நஞ்சைச் சுரந்தால் குழந்தையின் தசைகள் தளர்ந்து, மூச்சுக்கே ஆபத்தாகலாம். தஹ்னீக் செய்ய விரும்புவோர், பேரீச்சம்பழத்தைப் பற்றி மருத்துவமனையில் முன்கூட்டியே சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தாய்க்கு ஆறாவது வாரத்தில் மறுபடியும் சீனித் தண்ணீர்ச் சோதனை உண்டு. நாங்கள் பார்த்த வரையில் அதிகமாகத் தவறவிடப்படுவது இதுதான். நாற்பதுக்கு விருந்து வைப்போம், பிள்ளைக்குத் தடுப்பூசி போடுவோம், தாயின் சோதனை மறந்துபோகும். பேறுகால இனிப்புநீர் வந்த பெண்ணுக்கு, மற்றவர்களைவிடப் பின்னாளில் நிரந்தர இனிப்புநீர் வரும் வாய்ப்பு ஏழு மடங்குக்கும் மேல். நாற்பதின் சமையலுக்குச் சாமான் எழுதும் பட்டியலில் "கிளினிக்" என்பதையும் ஒரு வரியாக எழுதுங்கள். அதன் பிறகு ஆண்டுக்கு ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள்.

ஆண்களுக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. இளஞ்சிவப்புப் புத்தகத்தை மனைவி மட்டும் வைத்திருந்தால் போதாது. அதில் அடுத்த சோதனைத் தேதி என்ன என்று கணவருக்கும் தெரிய வேண்டும். அன்று காலை வெறும் வயிற்றோடு இரண்டு மணி நேரத்துக்கு மேல் அவள் உட்கார்ந்திருக்க வேண்டும். மூத்த பிள்ளையை அந்த நேரம் யார் பார்ப்பது என்ற கேள்விக்குப் பதில் இருந்தால்தான் அவள் போவாள். கணவர் விடுப்பு எடுக்க முடியாவிட்டால் எங்கள் மகளிர் பிரிவில் சொல்லுங்கள். துணைக்கு ஒருவர் வருவோம், இன்ஷா அல்லாஹ்.

அந்தப் பெண் என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். எங்களில் ஒருவர் அவளோடு கிளினிக்குக்குப் போனார். மாவுப் பெட்டியையும் கையோடு கொண்டுபோய்க் காட்டினார்கள். மருத்துவர் கடிந்துகொள்ளவில்லை, பேனாவைப் பிடிக்கும் விதத்தை மறுபடியும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். 38ஆவது வாரத்தில் பெண் பிள்ளை பிறந்தது. அல்ஹம்துலில்லாஹ், இருவரும் நலம். ஆறாவது வாரச் சோதனைக்கும் அவள் போய் வந்தாள்.

நம் சங்கம் பள்ளி மாணவருக்கு உதவுகிறது, ஜனாஸா காரியங்களில் துணை நிற்கிறது. பிறப்பதற்கு முன்பே ஒரு பிள்ளைக்குத் துணை நிற்பதும் அதே பணிதான். எல்லாத் தாய்மார்களுக்கும் சுகப்பிரசவத்தையும், எல்லாப் பிள்ளைகளுக்கும் நலமான நீண்ட ஆயுளையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.